சஹனில் செய்த கேடயம்

தம்பி "எனக்கு ஒரு கேடயம் வேணும்" என்று சொன்ன அன்று உம்மாவுக்கு அது சரியாக விளங்கவில்லை. எங்கள் வீட்டில் கேடயம் என்றால் தமிழ்த்தினப் போட்டியில் தரும் மரப்பலகையும் அதில் அடித்த பித்தளைத் தகடும்தான். "கேடயத்தக் கேட்டு வாங்கேலா மகன், வென்டுதான் எடுக்கோணும்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

தம்பி கேட்டது கெப்டன் அமெரிக்காவின் கேடயம். அவன் நான்காம் வகுப்பு. ஒக்டோபர் கடைசியில் அவனது பாடசாலையில் ஆங்கில தின விழா. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கதாபாத்திரமாக உடுத்திக்கொண்டு வந்து இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும். வகுப்பில் இரண்டு ஸ்பைடர்மேனும் மூன்று டாக்டர்மாரும் ஏற்கெனவே பெயர் கொடுத்தாகிவிட்டதாம். கண்டியில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் பிளாஸ்டிக் கேடயம் ஒன்று தொங்குவதைக் கண்டோம். விலையைக் கேட்ட உம்மா, மழை வரப்போகிறது என்று சொல்லி எங்களைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அன்று மழை வரவில்லை.

பேச்சுக்குக் குறிப்பு எடுத்துக் கொடுத்தது நான். கெப்டன் அமெரிக்காவை ஜோ சைமன், ஜெக் கேர்பி என்ற இருவர் உருவாக்கினார்கள். முதல் சித்திரக்கதைப் புத்தகத்தில் 1941 மார்ச் என்று திகதி போட்டிருந்தது. அந்தப் புத்தகத்தில் அவரது கேடயம் வட்டமே அல்ல. பழைய காலத்துக் குதிரை வீரர்களுடையதைப் போல மேலே அகன்று கீழே கூர்மையாக இருந்தது. அது தங்களுடைய வீரன் ஒருவனின் சின்னத்தைப் போல இருக்கிறது என்று இன்னொரு பதிப்பகம் முறைப்பாடு செய்ய, இரண்டாவது புத்தகத்திலேயே அதை வட்டமாக்கிவிட்டார்கள். எனக்கு இந்தக் கதை நன்றாகப் பிடித்திருந்தது. தம்பிக்குப் பிடிக்கவில்லை. "அப்ப யாரோ ஏசினதாலயா வட்டமாச்சி?" என்று கேட்டு, அந்தப் பகுதியை வெட்டச் சொன்னான்.

வட்டமானதால்தான் எங்களுக்கு வழி கிடைத்தது. வட்டமான, நடுவில் குழிந்த, பெரிய தகடு எங்கள் வீட்டில் ஒன்று இருந்தது. உம்மும்மாவின் சஹன்.

சஹன் என்றால் என்ன என்று இந்தச் சஞ்சிகையை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் அந்த அலுமினியத் தட்டைக் கவிழ்த்துப் பிடித்தால் அது கேடயம்தான். குறுக்களவு சரியாக 60 சென்ரிமீற்றர். விளிம்பில் ஒரு வெடிப்பு விழுந்ததால் நாலைந்து வருடமாக அதில் சோறு போடுவதில்லை. குசினி மேல்தட்டில், மூடியில்லாத பெரிய சட்டிக்கு மூடியாக இருந்தது. உம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "சும்மாதானே கிடக்குது, எடுங்க" என்றார். அந்தக் கொஞ்ச நேரத்தை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

இனி வாப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாப்பா இப்போது கம்பளையில் திரீவீல் ஓட்டுகிறார். அதற்கு முன் 22 வருடம் வாகனங்களுக்குப் பெயின்ட் அடித்தார். பெயின்ட்பாஸ் என்றுதான் ஊரில் அவரைக் கூப்பிடுவார்கள். மோதி நசுங்கி வந்த காரில் எந்தக் கதவு புதுக் கதவு என்று சொந்தக்காரருக்கே தெரியாமல் நிறத்தைச் சேர்த்துவிடுவார் என்று சொல்வார்கள். நான் அதைக் கண்ணால் கண்டதில்லை. கராஜுக்குப் பிள்ளைகள் வருவதை அவர் விரும்பியதில்லை. நான் கண்டதெல்லாம், இரவு வீட்டுக்கு வந்து தின்னரால் கையைத் துடைப்பதும் அதற்குப் பிறகு இருமுவதும்தான்.

அந்த இருமலைச் சளி என்று நினைத்தோம். தூசு என்று நினைத்தோம். மஞ்சள் போட்ட பால் குடித்தார், ஓதிய தண்ணீர் குடித்தார், பாணி மருந்து குடித்தார். கடைசியில் ஆஸ்பத்திரி கிளினிக்கில் ஒரு டாக்டர் கேட்ட கேள்விதான் விசயத்தை வெளியே கொண்டுவந்தது. "லீவு நாளில் இருமல் எப்படி?" ஞாயிற்றுக்கிழமை சுகமாக இருக்கும், திங்கட்கிழமை இரவு திரும்ப வரும் என்று வாப்பா சொன்னார். என்ன வேலை என்று அடுத்ததாகக் கேட்டாராம். வாகனங்களுக்கு அடிக்கும் இரண்டு பங்குப் பெயின்ட்டில், அதை இறுகவைக்கக் கலக்கும் ஹார்ட்னரில், ஐசோசயனேட் என்ற இரசாயனம் இருக்கிறது. அதன் ஆவியையும் புகாரையும் வருடக்கணக்காகச் சுவாசித்தால் சிலருக்கு ஆஸ்துமா வந்துவிடும். ஒருமுறை உடம்பு அதற்குப் பழகி எதிர்க்கத் தொடங்கிவிட்டால், பிறகு மிகக் கொஞ்சம் பட்டாலும் மூச்சு இறுகும். அந்த கராஜில் 22 வருடமும் வாப்பா மூக்கில் கட்டியது ஒரு கைலேஞ்சி. அதற்கு வெளியிலிருந்து குழாயில் சுத்தமான காற்று வரும் மாஸ்க் வேண்டும் என்று அங்கே யாரும் அவருக்குச் சொல்லவுமில்லை, வாங்கிக் கொடுக்கவுமில்லை.

வேலையை விட்ட நாளில் வாப்பா தனது ஸ்பிரே கன்னைக் கழுவி, எண்ணெய் போட்டு, ஒரு பழைய சாரத் துண்டில் சுற்றி அலுமாரியில் வைத்தார். அதற்குப் பிறகு பெயின்ட் என்ற சொல்லே வீட்டில் எடுபடவில்லை. இது நடந்து இரண்டு வருடம்.

ஆகவே தம்பி சஹனைத் தூக்கிக்கொண்டு போய் "வாப்பா, இதுக்கு பெயின்ட் அடிச்சித் தாங்க" என்று சொன்னபோது நானும் உம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வாப்பா சஹனைக் கையில் வாங்கி, கவிழ்த்து, உள்ளங்கையால் ஒரு தரம் மெதுவாகத் தடவினார். நான்கு இடத்தில் நசுங்கல் இருக்கிறது என்றார். எனக்கு இரண்டுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

"எனக்கு ஏலா. ராத்தா அடிப்பா. நான் சொல்லிக் குடுக்குறேன்."

இப்படித்தான் நான் பெயின்டரானேன். உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படிக்கிறேன், பரீட்சைக்கு ஒரு வருடம்கூட இல்லை, என்று உம்மா ஞாபகப்படுத்தினார். பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்து, "பொம்புளப் புள்ளக்கி என்னத்துக்கு இந்த வேல?" என்று கேட்டார். வாப்பா அவருக்கு ஒன்றும் சொல்லாமல் என்னிடம், "மாஸ்க்க இறுக்கிப் போடு" என்றார். அது அவர் ஒரு கூட்டாளியிடம் கேட்டு வாங்கி வந்த, இரு பக்கமும் கரிவடிகட்டி வைத்த ரப்பர் மாஸ்க். கொரோனா காலத்து நீல மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு போனேன் என்பதற்காக முதல்நாளே என்னைத் திருப்பி அனுப்பியிருந்தார். அது தூசைக் கொஞ்சம் தடுக்கும், ஆவியைத் தடுக்காது.

வாங்கியது எல்லாமே ஒரு பங்கு ஸ்பிரே கேன்கள். ஹார்ட்னர் உள்ள எதுவும் எங்கள் வளவுக்குள் வரக்கூடாது என்பது வாப்பாவின் சட்டம். பட்டிக்கு வரும் சின்னக் குழாய் மட்டும் விதிவிலக்கு, அது வேறு சாமான். ஆனாலும் தின்னர் வாசமே அவருக்கு ஆகாது. ஆதலால் நான் பின்வளவில் பலாமரத்துக்குக் கீழே, பிரிஜ் வந்த மட்டைப் பெட்டியை விரித்து அதற்குள் சஹனைச் சாய்த்து வைத்து வேலை செய்வேன். வாப்பா முன்னறையில் ஜன்னலை மூடிக்கொண்டு உட்காருவார். நாங்கள் பேசிக்கொண்டது வட்ஸ்அப் வீடியோ கோலில். தம்பி போனைப் பிடித்துக்கொண்டு தூரத்தில், காற்று வரும் பக்கம் நிற்பான். ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு முப்பது அடி தூரத்துக்கு டேட்டா செலவழித்த குடும்பம் கம்பளையில் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

முதல் வேலை கழுவுவது. நான் ஒரு முறை சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு முடிந்தது என்றேன். தண்ணீரை ஊற்றிக் காட்டச் சொன்னார். தண்ணீர் மணி மணியாகத் திரண்டு நின்றது. "அது நெய் மகள். எத்தன கலியாணத்து நெய் அது, ஒரு தடவயில போகுமா?" துப்புரவான தகட்டில் தண்ணீர் மணியாகத் திரளாமல் ஒரே விரிப்பாகப் பரவ வேண்டும். நான்கு முறை கழுவி, தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, மறுபடி கழுவியபோதுதான் அது பரவியது. நெய்ப்பசை துளியளவு இருந்தாலும் மேலே அடிக்கும் பெயின்ட் அந்த இடத்தை விட்டு விலகி மீன்கண்ணைப் போல வட்ட வட்டமாகத் திறந்துவிடும்.

பிறகு வோட்டர் பேப்பர். 180, அதற்குப் பிறகு 320. பளபளவென்று இருந்ததை ஏன் மங்கலாக்குகிறோம் என்று தம்பிக்குக் கவலை. அலுமினியம் இரும்பைப் போலத் துருப்பிடிக்காது. காற்றுப் பட்ட உடனேயே ஒட்சிசனுடன் சேர்ந்து மேலே மிக மெல்லிய ஒட்சைட்டுப் படையைப் போட்டுக்கொள்ளும். அதுதான் அதற்குக் கவசம். இரசாயனவியல் வகுப்பில் எழுதிப் படித்த விடயம் இது. ஆனால் அதே கவசம்தான் பெயின்ட்டையும் சரியாகப் பிடிக்க விடாது என்பதை எனக்குச் சொன்னது, சாதாரண தரம் வரைக்கும் போகாத என் வாப்பா. அதனால் அலுமினியத்துக்கு முதலில் எட்ச் பிறைமர் என்ற ஒன்றை மெல்லிசாக அடிக்க வேண்டும். அதில் கொஞ்சம் அமிலம் இருக்கிறது, தகட்டைக் கடித்துக்கொண்டு பிடிக்கும். "கேடயத்துக்குள்ள ஒரு கேடயம் ஈக்கி, அத உடைக்கோணும்" என்று தம்பிக்கு விளக்கினேன். அவன் அதைத் தன் பேச்சில் சேர்த்துக்கொண்டான்.

பட்டி போடுவதில்தான் பிழை விட்டேன், இரண்டு பிழை.

முதலாவது சிறியது. கோழிமுட்டை அளவு பட்டிக்கு ஒரு பட்டாணி அளவு சிவப்புப் பசை போதும். நான் கூடுதலாகப் போட்டால் கூடுதலாக இறுகும் என்று நினைத்தேன். கலக்கிக்கொண்டிருக்கும்போதே மட்டைத்துண்டு சுட்டது. சஹனுக்குக் கொண்டுபோவதற்குள் கரண்டியோடு கல்லாகிவிட்டது. போனுக்குள் இருந்து வாப்பா சிரித்த சத்தம் கேட்டது. அவர் சிரித்துக் கேட்டு நெடுநாள்.

இரண்டாவது பிழை அப்படிச் சிரிக்கக்கூடியதல்ல. சஹனின் அடிப்பக்கத்தில், விளிம்பிலிருந்து நாலு விரல் உள்ளே, சின்னச் சின்னப் புள்ளிக் குழிகள் வரிசையாக இருந்தன. நசுங்கலை நிரப்பும்போது அவற்றையும் நிரப்பி, அழகாகத் தேய்த்து மட்டமாக்கிவிட்டேன். அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்த உம்மா சஹனைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். எதையோ தேடுகிறார் என்று தெரிந்தது. பிறகு திரும்ப வைத்துவிட்டு உள்ளே போனார். ஏசவில்லை. அன்று இரவு சாப்பிடும்போதும் அதிகம் பேசவில்லை.

வாப்பாதான் எனக்குச் சொன்னார். கந்தூரிக்கும் கலியாணத்துக்கும் வீடுவீடாகச் சஹன் இரவல் போகும் காலத்தில், எது யாருடையது என்று தெரிவதற்கு ஆணியால் தட்டிப் பெயர் போடுவார்களாம். உம்மாவின் வாப்பா, அதாவது நான் பிறப்பதற்கு முன்பே மௌத்தாகிப்போன என் அப்பா, தனது கையாலேயே தட்டிய மூன்று எழுத்து அது. பக்கத்தில் 1968 என்றும் இருந்திருக்கிறது. உம்மாவிடம் அவருடைய போட்டோ ஒன்றுகூட இல்லை. அவரது கையெழுத்து என்று இந்த உலகத்தில் மிஞ்சியிருந்தது அந்தப் புள்ளிகள்தான். அதைத்தான் நான் 320 பேப்பரால் மட்டமாக்கியிருந்தேன்.

"பட்டிதானே," என்றார் வாப்பா. "போட்டது வெளிய வரும். ஊசி கொண்டா."

அடுத்தநாள் சனிக்கிழமை. டியூஷனுக்குப் போகவில்லை. தையல் ஊசியை ஒரு பென்சிலின் முனையில் நூலால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு புள்ளியாகக் குத்திக் குத்திப் பட்டியை வெளியே எடுத்தேன். எண்ணிப் பார்த்தேன். எழுத்துகளில் 61 புள்ளி, எண்களில் 38. வாப்பா நெற்றியில் டோர்ச்சைக் கட்டிக்கொண்டு எனக்கு எதிரே இருந்தார். பட்டித் தூள் பறக்காமல் ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டே இருந்தோம். ஒரு எழுத்து முதலில் "ய" போலத் தெரிந்து, இரண்டு புள்ளி திறந்ததும் "ம" ஆனது. லுஹருக்குள் முடிந்துவிட்டது. உம்மா அதைக் கண்டது எனக்குத் தெரியும், தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தபோது கண்டார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. தேத்தண்ணியோடு வட்டலப்பம் இருந்தது, அவ்வளவுதான்.

இனிக் கணக்கு. அரையளவு 30 சென்ரிமீற்றர். நடுவில் நீல வட்டத்துக்கு 12, பிறகு ஒவ்வொரு வளையத்துக்கும் 6 வீதம் சிவப்பு, வெள்ளி, சிவப்பு. அப்பாவின் எழுத்துகள் வெள்ளி வளையத்துக்கும் வெளிச் சிவப்புக்கும் நடுவில் குறுக்கே விழுந்தன. வெளிச் சிவப்பை 4 ஆக்கி, வெள்ளியை 8 ஆக்கினோம். படத்தில் உள்ளதைப் போல இல்லை என்று தம்பி முறைப்பாடு செய்தான். முதலாவது புத்தகத்துக்கும் முறைப்பாடு வந்ததுதானே என்றேன். நட்சத்திரம் கீறுவது என் பாடம். நடுவில் 72 பாகை வீதம் ஐந்து கோணம், அல்லது கவராயத்தை 14.1 சென்ரிமீற்றருக்குத் திறந்து வட்டத்தில் ஐந்து தரம் வெட்டினால் ஐந்து புள்ளி. ஒன்று விட்டு ஒன்றைச் சேர்க்க வேண்டும். இணைந்த கணிதத்தில் சைன் 36 எதற்கு என்று இனி என்னிடம் யாரும் கேட்க வேண்டாம்.

பிறைமருக்கும் ஒரு ஒழுங்கு இருந்தது. எட்ச் பிறைமர் வெறும் தகட்டுக்கு மட்டும், பட்டிக்கு மேலே படக்கூடாது. அது காய்ந்த பிறகு சாதாரணச் சாம்பல் பிறைமர் முழுவதற்கும் இரண்டு கோட். அதற்கு மேல் கறுப்பைத் தூரத்திலிருந்து தூவினாற்போல அடிக்கச் சொன்னார். பாழாக்கச் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகு 600 பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும்போதுதான் விளங்கியது. மேடு உள்ள இடத்தில் கறுப்பு முதலில் போய்விடும், பள்ளத்தில் நின்றுகொள்ளும். கறுப்பு நின்ற இடங்களை எண்ணினேன். நான்கு. முதல்நாள் கையால் தடவிச் சொன்ன அதே நான்கு.

பெயின்ட் அடிப்பது கையை ஆட்டுவதல்ல, நடப்பது என்று வாப்பா சொல்வார். தகட்டிலிருந்து ஒரு சாண் தூரம். தகட்டுக்கு வெளியே தொடங்கி வெளியே போய் முடிக்க வேண்டும். ஒவ்வொரு வரியும் முந்திய வரியில் பாதியை மூட வேண்டும். மணிக்கட்டை வளைத்து விசிறி போல ஆட்டினால் நடுவில் தடித்து ஓரத்தில் மெலியும். போனில் நிறம் சரியாகத் தெரியாது. ஆனாலும் நான் எங்கே பிழை விட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிடும். "நின்டுட்டாய், நின்டுட்டாய், சத்தம் ஒரே எடத்துல கேக்குது" என்பார். பார்த்தால் அங்கே பெயின்ட் வடியத் தொடங்கியிருக்கும். சத்தத்தைக் கேட்டுத்தான் அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

வெள்ளி நிறம் முழுவதற்கும் அடித்து ஒரு நாள் காயவிட்டோம். அதற்கு மேல் நட்சத்திரத்தையும் வளையத்தையும் டேப்பால் மறைத்துவிட்டுச் சிவப்பும் நீலமும் அடிப்பது திட்டம். மாஸ்கிங் டேப் வட்டத்துக்கு வளையாது, சுருங்கி மடிந்துவிடும். வாப்பா கரண்ட் வேலைக்குப் பாவிக்கும் இன்சுலேஷன் டேப்பைக் கொண்டுவந்தார். அது இழுத்தால் இழுபட்டு வட்டத்தோடு போகும். டேப்பின் ஓரத்துக்கு முதலில் மறுபடி வெள்ளியையே கொஞ்சம் அடிக்கச் சொன்னார். டேப்புக்குக் கீழே எங்காவது பெயின்ட் கசிவதென்றால் முதலில் கசிவது வெள்ளியாக இருக்கட்டும், வெள்ளிக்கு மேல் வெள்ளி யாருக்குத் தெரியும்? பிறகு சிவப்புக்கு இடம் இருக்காது. இந்தத் தந்திரத்தை எண்ணி எண்ணி அன்று முழுவதும் எனக்குச் சந்தோசம்.

நீலம் அடித்த பின்னேரம் மழை வந்தது. ஒக்டோபரில் எங்கள் பக்கம் பகலில் வெயில் எரிக்கும், நாலு மணிக்கு வானம் இறங்கிவிடும். பெட்டியோடு தூக்கி ஓடித் தாழ்வாரத்துக்குள் வைத்தேன். தண்ணீர் படவில்லை. ஆனால் பத்து நிமிடத்தில் நீலத்தின் மேல் பால் தெளித்தாற்போல வெள்ளை படர்ந்தது. அழுகை வந்துவிட்டது. "பூத்துப்போச்சி" என்றார் வாப்பா, சாதாரணமாக. அதன் காரணம் என்னிடமே இருந்தது. பெயின்ட்டில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது மறைவெப்பத்தைத் தகட்டிலிருந்து எடுக்கும், மேற்பரப்பு குளிரும். மழை நேரத்தில் சாரீரப்பதன் கூட. மேற்பரப்பு பனிபடு நிலைக்குக் கீழே போனால் காற்றில் உள்ள நீராவி அதன் மேலேயே ஒடுங்கி, பெயின்ட்டுக்குள் அடைபட்டுவிடும். பௌதிகவியலில் இதற்குக் கணக்கெல்லாம் செய்திருக்கிறேன். வாப்பாவுக்குச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அதுதான் மழைக்கு அடிக்கிறல்ல" என்றார். அடுத்தநாள் வெயிலில் லேசாகத் தேய்த்து, காலை பத்து மணிக்குத் திரும்ப அடித்தோம்.

டேப்பைக் கழற்றும் நேரம் எல்லோரும் வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு மாமியும் வேலிக்கு மேலால் வந்தார். பெயின்ட் முழுதாக இறுகுவதற்கு முன், டேப்பைப் பின்னால் மடித்து மெதுவாக இழுக்க வேண்டும். கோடு கோடாகவே வந்தது. ஒரே ஒரு நட்சத்திர முனையில் மட்டும் நீலம் ஒரு நூல் உள்ளே போயிருந்தது. அது இப்போதும் இருக்கிறது.

மிஞ்சியது கிளியர். அதை அடிக்கும்போது நடந்ததை எழுத வேண்டுமா என்று யோசித்தேன். கிளியர் படும்போது மங்கலாக இருந்த சிவப்பும் நீலமும் ஈரமாகி ஆழமாகித் திறந்துகொண்டு வரும். நான் இரண்டாவது கோட்டின் நடுவில் இருந்தேன். தம்பியின் கையில் இருந்த போனில் வாப்பாவின் முகம் இல்லை, வெறும் கதிரைதான் தெரிந்தது. திரும்பினேன். குசினி வாசற்படியில் வாப்பா நின்றுகொண்டிருந்தார். மாஸ்க்கும் இல்லை. என்னைப் பார்க்கவில்லை, கேடயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாப்பா, உள்ளுக்குப் போங்க" என்று கத்தினேன். மாஸ்க்குக்குள் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. ஸ்பிரேயை விட்டுவிட்டு ஓடினேன். அதற்குள் இருமல் தொடங்கிவிட்டது. உம்மா இன்ஹேலரோடு வந்து அவரை முன்னறைக்குக் கூட்டிப்போனார். இரண்டு தரம் இழுத்தும் மூச்சு அடங்க அரைமணித்தியாலத்துக்கு மேல் சென்றது. ஆஸ்பத்திரிக்குப் போகத் தேவைப்படவில்லை, அல்ஹம்துலில்லாஹ். உம்மா அன்று ஏசினார். எல்லோருக்கும் ஏசினார், கேடயத்துக்கும் ஏசினார். வாப்பா தலையைக் குனிந்துகொண்டு, "ஈரத்துல ஒருக்காப் பாக்கத்தான் போன" என்று மட்டும் சொன்னார். பெயின்ட் ஈரமாக இருக்கும்போதுதான் அது சரியா பிழையா என்று தெரியும். 22 வருடம் அப்படிப் பார்த்தே பழகிய கண். எனக்கு அவர் மேல் கோபமும் வந்தது, அந்தக் கண்ணை நினைத்து வேறு ஒன்றும் வந்தது. அதற்கு எனக்குச் சொல் தெரியவில்லை.

மீதிக் கிளியரை மறுநாள் வாப்பா ஹயருக்குப் போயிருந்த நேரத்தில், போன் இல்லாமல், நானே அடித்தேன். சத்தத்தை நானே கேட்டுக்கொண்டேன்.

ஒரு கிழமை காயவைத்து, வாசம் முழுதாகப் போன பிறகுதான் கேடயம் வீட்டுக்குள் வந்தது. இரவு வாப்பா அதைக் கையில் எடுத்து, டியூப்லைட்டின் நிழல் அதில் எப்படி விழுகிறது என்று சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். நிழல் நேர்கோடாக விழ வேண்டும். என்னுடையதில் ஓரங்களில் நெளிந்தது. "தோடம்பழத் தோல்" என்றார். மேற்பரப்பு சின்னச் சின்னக் குழியாகத் தோடம்பழத்தைப் போல இருந்தது. தூரத்திலிருந்து அடித்திருக்கிறேன்.

"பழுதா வாப்பா?"

"பழுதில்ல. இனி என்ட வேல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இனிமேல் உள்ளது தண்ணீர் வேலை. 1500 பேப்பரும் 2000 பேப்பரும் நாள்முழுக்கத் தண்ணீரில் ஊறும், தேய்க்கும்போது தூசும் பறக்காது, ஆவியும் வராது. வாப்பா பேசினில் தண்ணீரும் இரண்டு சொட்டுச் சவர்க்காரமும் எடுத்துக்கொண்டு மடியில் கேடயத்தை வைத்தார். மூன்று இரவு. இஷா தொழுதுவிட்டு வந்து இருப்பார், பதினொரு மணி வரைக்கும். வட்டமாக அல்ல, ஒரே திசையில், விரலால் அல்ல, ஒரு சின்ன ரப்பர் துண்டில் பேப்பரைச் சுற்றி. அப்பாவின் எழுத்துகள் வந்த இடத்தில் மட்டும் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, பழைய பெனியன் துணியில் கம்பவுண்டைத் தொட்டு விரலால் தேய்த்தார். நான் பக்கத்தில் இருந்து கடந்தகால வினாத்தாள் செய்தேன். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் இரவு டியூப்லைட் கோடு நேராக விழுந்தது. கண்ணாடியைப் போல என்று எல்லோரும் சொல்வார்கள். அதில் என் பல்லையே பார்க்க முடிந்தது.

கைபிடிக்கு என் பழைய புத்தகப்பையின் பட்டி இரண்டு. அதற்கான ஓட்டைகளைப் பெயின்டுக்கு முதலே துளைத்துவிட்டோம். உட்பக்கத்துக்குப் பெயின்ட் அடிக்கவில்லை. அங்கே அது இன்னும் சஹன்தான்.

விழாவில் தம்பிக்குப் பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு டாக்டர் முதலாமிடம் எடுத்தாராம். ஆனால் இடைவேளையில் வகுப்பே அந்தக் கேடயத்தைத் தூக்கிப் பார்த்திருக்கிறது, இரண்டு ஸ்பைடர்மேனும் அதனால் அடிபட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வரும்போது வெளிச் சிவப்பில், விளிம்புக்குக் கிட்ட, நகமளவு பெயின்ட் பெயர்ந்திருந்தது. தம்பி அழுவதற்குத் தயாராக நின்றான். வாப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த இடத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். சிவப்புக்குக் கீழே வெள்ளி, வெள்ளிக்குக் கீழே சாம்பல். அதற்குக் கீழே எவ்வளவு சுரண்டியும் வரவில்லை.

"பிறைமர் புடிச்சீக்கி" என்று உம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாரு, தகடு தெரியல்ல. புள்ள நல்லாக் கழுவி ஈக்கி."

சிவப்புக் கேனில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. வெயில் வரும் நாளில் அந்த இடத்துக்குத் தொட வேண்டும்.